கழிவு மேலாண்மை நிறுவனத்தில் கொத்தடிமைத் தடுப்பு

வேலையை விட்டுப் போக விரும்பும் ஒருவரைப் போகவிடாமல் பிடித்துவைத்து வாங்கும் உழைப்பே நவீன அடிமைத்தனம். பிடித்துவைக்கும் வழிகள் பல. முன்பணமாகக் கொடுத்த கடன், நிறுத்திவைத்த கூலி, வாங்கி வைத்துக்கொண்ட ஆதார் அட்டை, ஊரில் இருக்கும் குடும்பத்தைச் சொல்லி மிரட்டுதல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் அதன் கூட்டாளி அமைப்புகளும் 2022-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய உழைப்பில் சிக்கியிருந்தார்கள். தமிழ்நாட்டில் குப்பை அள்ளுதல், தரம் பிரித்தல், மறுசுழற்சி ஆகிய பணிகளை நடத்தும் ஒரு நிறுவனம் இதைச் செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் மட்டுமே உரிய சிக்கலாக எண்ணிவிடக் கூடாது. குப்பைத் தொழிலின் அமைப்பிலேயே அதற்கு இடம் இருக்கிறது.

சட்டத்தின் வரையறை

அரசமைப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு மனித வணிகத்தையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் இந்தத் தடையை நடைமுறைப்படுத்துகிறது. மேலாளர்கள் இச்சட்டத்தின் வரையறைப் பகுதியை ஒரு முறையாவது முழுதாகப் படிக்க வேண்டும். பலர் நினைப்பதைவிட அது அகலமானது. தானோ முன்னோரோ வாங்கிய முன்பணத்துக்காகவும், வழக்கம் என்ற பெயரிலும், குறிப்பிட்ட சாதியில் பிறந்த காரணத்தாலும் ஒருவர் இன்னொருவருக்கு உழைக்க நேரலாம். அப்போது நான்கு உரிமைகளில் ஒன்று பறிபோனாலே அவர் கொத்தடிமை. அந்த நான்கில் முதலாவது, உரிய கூலி பெறும் உரிமை. இரண்டாவது, வேறு வேலைக்குப் போகும் உரிமை. மூன்றாவது, நாட்டுக்குள் விரும்பிய இடத்துக்குச் செல்லும் உரிமை. நான்காவது, தன் பொருளையோ தன் உழைப்பால் கிடைத்த பொருளையோ சந்தை விலைக்கு விற்கும் உரிமை.

முதல் உரிமையைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1982-இல் ஒரு தீர்ப்பு வழங்கியது. டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானப் பணிகளில் ஈடுபட்ட தொழிலாளர்களைப் பற்றிய வழக்கு அது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வாங்கப்படும் உழைப்பு, 23-ஆம் பிரிவின் பொருளில் கட்டாய உழைப்புதான் என்று நீதிமன்றம் கூறியது. பசியின் நெருக்கடியால் ஒருவர் குறைந்த கூலிக்குச் சம்மதித்தால், அந்தச் சம்மதத்தைச் சுதந்திரமானதாகக் கொள்ள முடியாது என்பது அதன் தர்க்கம். “அவரே ஒப்புக்கொண்டுதானே வந்தார்” என்ற வாதம் இத்துறையில் அடிக்கடி கேட்கக் கூடியது. அந்த வாதத்துக்கு நீதிமன்றம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது.

நான்காவது உரிமை குப்பைத் தொழிலுக்காகவே எழுதப்பட்டது போல இருக்கிறது. காகிதமும் பிளாஸ்டிக்கும் பொறுக்கி வாழ்பவர் காயலான் கடைக்காரரிடம் மருத்துவச் செலவுக்கோ மகளின் சடங்குக்கோ கடன் வாங்குகிறார். வட்டி என்று தனியாக எதுவும் கேட்கப்படுவதில்லை. கடன் தீரும்வரை பொறுக்கியதையெல்லாம் அந்தக் கடையிலேயே, கடைக்காரர் சொல்லும் விலைக்கே போட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. கிலோவுக்குச் சில ரூபாய் குறையும். எடையிலும் கழிவு போகும். அசல் கரைவதே இல்லை. இப்படிக் கட்டுண்டவர் எந்த முதலாளியிடமும் வேலையில் இல்லை; எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லை. ஆனாலும் சட்டத்தின் வரையறைக்குள் அவர் வந்துவிடலாம். அந்தக் கடையிலிருந்து மூட்டை மூட்டையாகச் சரக்கு வாங்கும் மறுசுழற்சி நிறுவனத்தின் கொள்முதல் விலைக்குள் அவருடைய இழப்பும் அடங்கியிருக்கிறது.

குற்றம் நிரூபிக்கப்பட்டால் 1976 சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ஏமாற்றியோ மிரட்டியோ ஆளைக் கொண்டுவந்து சுரண்டியிருந்தால், 2023-ஆம் ஆண்டின் பாரதிய நியாய சம்ஹிதாவின் 143-ஆம் பிரிவில் ஏழு முதல் பத்து ஆண்டு வரை கடுங்காவல் விதிக்கலாம். வாங்கிய கடன் கொத்தடிமைக் கடன்தான் என்று தொழிலாளி சொன்னால், அது அப்படியல்ல என்று காட்டும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது.

இத்துறையில் ஆபத்து ஏன் அதிகம்

துப்புரவுப் பணி இந்தியாவில் சாதியோடு பிணைக்கப்பட்ட பணி. தமிழ்நாட்டில் அருந்ததியர் உள்ளிட்ட சில பட்டியல் சாதியினர் மீது அது தலைமுறை தலைமுறையாகச் சுமத்தப்பட்டு வந்திருக்கிறது. வேறு வேலை தேடிப் போனாலும் கதவு திறக்காது என்ற நிலையில் இருப்பவரிடம் எந்தக் கூலியையும் நீட்டலாம் என்ற துணிச்சல் ஒப்பந்ததாரருக்கு வருகிறது. இன்னொரு பக்கம், தரம் பிரிக்கும் கொட்டகைகளிலும் பழைய குப்பைமேட்டைச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் தளங்களிலும் வெளிமாநிலத் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். மொழி தெரியாது, உள்ளூரில் உறவு இல்லை, தங்கும் தகரக் கொட்டகையும் வேலை கொடுத்தவருடையது. வேலை போனால் அன்றிரவே கூரையும் போய்விடும்.

இவற்றோடு ஒப்பந்த அடுக்குகளும் சேர்கின்றன. மாநகராட்சி ஒரு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுக்கிறது. நிறுவனம் ஆள் அனுப்பும் ஏஜென்சியிடம் ஆள் கேட்கிறது. ஏஜென்சி மேஸ்திரியிடம் கேட்கிறது. மேஸ்திரி ஊருக்குப் போய் முன்பணம் கொடுத்து ஆள் கூட்டிவருகிறார். மேலே இருப்பவருக்குக் கடைசி அடுக்கில் என்ன பேசப்பட்டது என்று தெரியாது. தெரிந்துகொள்ள முயலாமல் இருப்பது அவருக்கு வசதியாகவும் இருக்கிறது.

இந்த அடுக்குகள் எவ்வளவு தூரம் மறைக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் மேற்கு மிட்லண்ட்ஸ் காவல்துறை 2015 முதல் விசாரித்த ‘ஆபரேஷன் ஃபோர்ட்’ வழக்கு பாடநூல் போன்றது. போலந்திலிருந்து வேலை வாங்கித் தருவதாக அழைத்துவரப்பட்டவர்கள் பாழடைந்த வீடுகளில் நெருக்கி அடைக்கப்பட்டார்கள். பண்ணைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும், குறிப்பாகக் குப்பை மறுசுழற்சி நிலையங்களுக்கும் அவர்கள் வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். சிக்கியவர்கள் 400-க்கும் மேல் என்பது காவல்துறையின் கணிப்பு. 2019-இல் எட்டுப் பேர் தண்டிக்கப்பட்டார்கள். கும்பலைச் சேர்ந்த ஒருவர் ஆள் அனுப்பும் நிறுவனத்துக்குள்ளேயே வேலை பார்த்திருந்தார். மறுசுழற்சி நிலையங்கள் சட்டப்படி ஊதியம் கொடுத்தன. சீட்டும் கணக்கும் சரியாகவே இருந்தன. ஆனால் அந்த ஊதியம் போய்ச் சேர்ந்த வங்கிக் கணக்குகள் கும்பலின் பிடியில் இருந்தன. தொழிலாளியின் கைக்கு வந்தது மிகச் சொற்பம். விளக்கொளியில், கேமராவின் கண்ணெதிரே, நூற்றுக்கணக்கான சக ஊழியர்களுக்கு நடுவே இது ஆண்டுக்கணக்கில் நடந்தது. கூலி கொடுத்ததற்கான ஆதாரமும் கூலி பெற்றதற்கான ஆதாரமும் ஒன்றல்ல என்பதை இத்துறையில் யாரும் மறக்கக் கூடாது. இந்த அத்தியாயத்தில் சொல்லப்படும் நடைமுறைகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியை மூடுவதற்கானவை.

தொடக்க வேலை: ஆள் வரைபடம்

நிறுவனம் முதலில் தயாரிக்க வேண்டியது கொள்கை அறிக்கை அல்ல. தன் பணிகளில் உழைக்கும் எல்லோரையும் காட்டும் வரைபடம். வீடு வீடாகக் குப்பை வாங்கும் பேட்டரி வண்டிக்காரர், தெருக் கூட்டுபவர், கம்பாக்டர் லாரியின் ஓட்டுநரும் உடன் செல்பவரும், மாற்று நிலையத்தில் ஏற்றி இறக்குபவர், நுண் உரமாக்கும் மையத்தில் மக்கும் குப்பையைக் கிளறுபவர், கன்வேயர் பெல்ட் அருகில் தரம் பிரிப்பவர், இரவுக் காவலாளி, அலுவலகத்தைத் துடைப்பவர் என்று ஒவ்வொருவருக்கும் மூன்று கேள்விகள் கேட்கப்பட வேண்டும். இவரை யார் கூட்டிவந்தார்? இவருக்கு யார் கையால் கூலி போகிறது? இவர் எங்கே உறங்குகிறார்? மூன்றுக்கும் ஒரே ஆளின் பெயர் பதிலாக வந்தால் அந்த இடம்தான் முதலில் நேரில் பார்க்க வேண்டிய இடம்.

பாதாளச் சாக்கடையும் கழிவுநீர்த் தொட்டியும் நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் இருந்தால் அது தனி வகை. பாதுகாப்புக் கருவியின்றி மனிதரை அதற்குள் இறக்குவதைக் கையால் கழிவகற்றும் பணி பற்றிய 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். இறப்பு நேர்ந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உயர்த்தியது. இயந்திரம் இல்லாத துணை ஒப்பந்ததாரருக்கு இந்தப் பணியைக் கொடுப்பது, உள்ளே ஆள் இறங்குவார் என்று தெரிந்தே கொடுப்பதாகும்.

சிறாரைப் பொறுத்தவரை, 14 வயதுக்குட்பட்டோருக்கு எந்த வேலையும், 14 முதல் 18 வரை அபாயகரமான வேலையும் கூடாது என்கிறது சட்டம். ஊசியும் கண்ணாடியும் ரசாயனமும் கலந்து வரும் குப்பையில் நிறுவனம் தன் எல்லையை 18 என்று நேராக வைத்துக்கொள்வதே சரி. குடும்பமாக வந்து கொட்டகையில் தங்குவோரின் பிள்ளைகள் பெற்றோருக்கு “உதவி” செய்வதாகச் சொல்லப்படும் இடங்களில் பள்ளி ஏற்பாடும் குழந்தைகள் காப்பிடமும் இல்லாமல் தடை மட்டும் பலன் தராது.

டெண்டரின் கணக்கு

அடிமைத்தனம் பெரும்பாலும் ஒப்பந்தப்புள்ளியில் தொடங்குகிறது. மிகக் குறைந்த விலை சொன்னவருக்கு வேலை என்ற முறையில், அந்தக் குறைவு எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. டீசல் விலையை ஒப்பந்ததாரரால் குறைக்க முடியாது. லாரித் தவணையையும் குறைக்க முடியாது. மிஞ்சுவது கூலி.

கணக்கைப் போட்டுப் பார்ப்பது கடினமல்ல. நூறு ரூபாய் கூலிக்கு வருங்கால வைப்பு நிதியில் வேலையளிப்பவரின் பங்கும் நிர்வாகக் கட்டணங்களும் சேர்ந்து 13 ரூபாய், இ.எஸ்.ஐ. பங்கு 3.25 ரூபாய்; குறைந்தபட்ச போனஸ் 8.33 ரூபாய். இவை மட்டுமே ஏறக்குறைய 25 ரூபாய். பணிக்கொடைக்கு ஒதுக்கீடு, வார விடுப்பில் மாற்றாள், சீருடை, கையுறை, காலணி, சோப்பு, மருத்துவப் பரிசோதனை, மேற்பார்வைச் செலவு எல்லாம் இதற்கு மேல். ஆகவே மாவட்ட ஆட்சியர் அறிவித்த தினக்கூலியோடு நான்கில் ஒரு பங்கைக் கூட்டி வரும் தொகைக்குக் கீழே ஓர் ஆளுக்கு விலை சொல்பவர், லாபத்தைக் கணக்கில் எடுக்காமலேயே, சட்டத்தை மீறப்போவதாக எழுத்தில் சொல்லிவிடுகிறார். அத்தகைய விலையை ஏற்கவே கூடாது. நிறுவனம் மாநகராட்சியிடம் தான் சொல்லும் விலைக்கும் இது பொருந்தும். அந்த விலைக்குக் கிடைக்காத ஒப்பந்தத்தை இழப்பது வலிக்கும். வேறு நேர்மையான வழி இல்லை.

குறைந்த விலையை ஈடுகட்டும் உத்திகள் களத்தில் தெரிந்தவைதான். வருகைப் பதிவேட்டில் நூறு பேர் இருப்பார்கள், தெருவில் எழுபது பேர் இருப்பார்கள். இருவர் வேலையை ஒருவர் செய்வார். வைப்பு நிதிக்குக் கூலியில் பிடித்தம் நடக்கும், கணக்கில் பணம் ஏறாது. சீருடைக்கும் துடைப்பத்துக்கும் தொழிலாளியிடமே பணம் பிடிக்கப்படும். தணிக்கை செய்பவர் காகிதத்தோடு நின்றுவிடாமல், அதிகாலை ஐந்தரை மணிக்கு வார்டு அலுவலகத்தில் நின்று தலைகளை எண்ண வேண்டும். தொழிலாளியின் வைப்பு நிதி எண்ணை அவர் கைப்பேசியிலேயே திறந்து, பணம் ஏறியிருக்கிறதா என்று அவரோடு சேர்ந்து பார்க்க வேண்டும்.

உள்ளாட்சியிலிருந்து பில் தொகை தாமதமாக வருவது இத்துறையில் தெரிந்த சங்கதி. தொகை வரவில்லை என்று கூலியை நிறுத்தும் நிறுவனம் தொழிலாளியைக் கந்துவட்டிக்காரரிடம் தள்ளுகிறது. மாதக் கூலியை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். அதற்கு பில் வந்ததா இல்லையா என்பது பொருட்டல்ல. குறைந்தது இரண்டு மாதக் கூலிக்கான தொகையைத் தனியாக ஒதுக்கிவைக்காமல் எந்த நகரத்தின் பணியையும் தொடங்கக் கூடாது.

ஆள் சேர்ப்பும் முன்பணமும்

வேலை கிடைக்க ஒரு தொழிலாளி யாருக்காவது பணம் கொடுத்தால், அந்தப் பணம் கடனாகத்தான் வந்திருக்கும். மலேசியாவின் ரப்பர் கையுறைத் தொழிலில் இது வெட்டவெளிச்சமானது. வேலைக்காக ஏஜெண்டுகளுக்குப் பெருந்தொகை கொடுத்து வந்த புலம்பெயர் தொழிலாளர்கள் கடனில் சிக்கியிருந்ததைக் காரணம் காட்டி, 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத் துறை அங்குள்ள மிகப் பெரிய உற்பத்தியாளர் ஒருவரின் கையுறைகளைத் தடுத்தது. நிறுவனம் தொழிலாளர்களுக்கு ஆட்சேர்ப்புக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு, 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. ஆட்சேர்ப்புச் செலவு முழுவதையும் வேலையளிப்பவரே ஏற்க வேண்டும் என்ற கொள்கை இப்போது பொதுவாக ஒப்புக்கொள்ளப்படுகிறது. மேஸ்திரிக்கும் ஏஜென்சிக்கும் தர வேண்டியதை நிறுவனம் நேரடியாக, ரசீதோடு தர வேண்டும். தொழிலாளியின் கூலியிலிருந்து மேஸ்திரிக்கு மாதாமாதம் கமிஷன் போகும் ஏற்பாடு எந்தப் பெயரில் இருந்தாலும் அதை ஒழிக்க வேண்டும்.

முன்பணத்தை முழுதாகத் தடை செய்வது எளிதான முடிவாகத் தோன்றும். நடைமுறையில் அது தொழிலாளியை வெளிக் கடன்காரரிடம் அனுப்பிவிடும். அவசரத் தேவை உள்ளவருக்கு நிறுவனம் வட்டியில்லாமல் கொடுக்கலாம். ஆனால் தொகை ஒரு மாதக் கூலியைத் தாண்டாமல், தவணை எழுத்தில் இருந்து, தொழிலாளியின் மொழியில் அவருக்கு ஒரு பிரதி தரப்பட வேண்டும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து கூலியில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது சட்ட வரம்பு. நிறுவனம் அதைவிடக் குறைவாக வைத்துக்கொள்வது நல்லது. எல்லாவற்றையும்விட முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. கடன் மீதம் இருந்தாலும் தொழிலாளி எந்த நாளிலும் வேலையை விட்டுப் போகலாம். விட்டுப் போனவரின் கணக்கை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும். கடனை வசூலிக்க முடியாமல் போனால் அது நிறுவனத்தின் நட்டம். இந்த நிபந்தனை எழுத்தில் இல்லாத முன்பணத் திட்டம் எவ்வளவு கருணையோடு தொடங்கப்பட்டாலும் ஒருநாள் கொத்தடிமையில் போய் முடியும். பணியாளர் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கம் இயங்கும் ஊர்களில் ஒப்பந்தத் தொழிலாளரையும் அதில் சேர்க்க முயல்வது நீண்டகாலத் தீர்வுக்கு உதவும்.

வெளிமாநிலத் தொழிலாளரிடம் ஊரிலேயே சொல்லப்பட்ட கூலியும் இங்கே கொடுக்கப்படும் கூலியும் ஒன்றுதானா என்று வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே கேட்டுப் பதிய வேண்டும். 2020-ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்புச் சட்டப்படி அவர்களுக்கு ஊர் போய்வர ஆண்டுக்கொரு முறை பயணப்படியும் உண்டு. ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் அசலை “பத்திரமாக” வைத்துக்கொள்வதாகச் சொல்லி யாரும் வாங்கி வைக்கக் கூடாது. நகல் எடுத்துக்கொண்டு அந்த நிமிடமே திருப்பித் தர வேண்டும்.

கூலி கைக்குப் போகிறதா

வங்கி வழியாகக் கூலி கொடுத்தால் சுரண்டல் நின்றுவிடும் என்று பலரும் நம்பினார்கள். ஏ.டி.எம். அட்டை யார் சட்டைப்பையில் இருக்கிறது என்று பார்க்காதவரை அந்த நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. அட்டையையும் அதன் ரகசிய எண்ணையும் மேற்பார்வையாளரோ வட்டிக்காரரோ வைத்திருப்பார். ஐந்தாம் தேதி பணத்தை எடுத்துத் தன் பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்.

கணக்குப் பிரிவு தன் மேசையிலிருந்தே சில அறிகுறிகளைப் பிடிக்கலாம். பல தொழிலாளருக்கு ஒரே வங்கிக் கணக்கு, பல கணக்குகளுக்கு ஒரே கைப்பேசி எண், ஒரு சிறு வீட்டின் முகவரியில் பதினைந்து பேர், அவசரத் தொடர்புக்கு எல்லோரும் கொடுத்த ஒரே பெயர் ஆகியவற்றை மாதந்தோறும் சரிபார்க்கும் சிறு மென்பொருள் வேலை ஒருநாளில் முடியக் கூடியது. ஆபரேஷன் ஃபோர்ட் போன்ற வழக்குகளில் இத்தகைய தடயங்கள் பிடிபடாமல் போனதற்குக் காரணம், யாரும் பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காததுதான். ஒப்பந்ததாரர் கூலி தரத் தவறினால் அதைத் தர வேண்டிய பொறுப்பு முதன்மை வேலையளிப்பவருடையது என்று 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் விதித்தது. 2020-ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டத்திலும் அது தொடர்கிறது. எப்படியும் தானே ஏற்க வேண்டிய பொறுப்பு என்பதால் நிறுவனம் கூலியை ஒப்பந்ததாரரிடம் ஒப்படைக்காமல் தொழிலாளியின் கணக்கில் நேரடியாகச் செலுத்துவதே அறிவுடைமை. தமிழிலும் தேவைப்பட்டால் இந்தி, வங்காளம், ஒடியா மொழிகளிலும் கூலிச்சீட்டு தரப்பட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் குரல்வழிச் செய்தி அனுப்பலாம்.

களத்தில் காண்பதும் கேட்பதும்

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்பின் அறிகுறிகளாகப் பதினொன்றைச் சொல்கிறது. அவற்றை மனப்பாடம் செய்வதைவிட, குப்பைக் கொட்டகையில் அவை எப்படித் தோன்றும் என்று மேற்பார்வையாளருக்குப் பழக்குவது பயன் தரும். எப்போதும் ஒரே வேனில் வந்து ஒரே வேனில் திரும்பும் குழு, கேள்வி கேட்டால் பக்கத்து ஆளைப் பார்க்கும் தொழிலாளி, எல்லோர் சார்பிலும் பேசும் ஒருவர், காயம்பட்டும் மருத்துவமனைக்குப் போக மறுப்பவர், ஒருநாளும் விடுப்பு எடுக்காதவர், மதிய உணவு கொண்டுவராதவர், தங்கும் கொட்டகைக்கு வெளிப்பக்கம் இருக்கும் பூட்டு. இவற்றில் ஒன்று மட்டும் எதையும் நிரூபிக்காது. இரண்டு மூன்று சேர்ந்தால் விசாரிக்காமல் விடக் கூடாது.

பேசும் முறை முக்கியம். மேஸ்திரியையே மொழிபெயர்ப்பாளராக வைத்து நடத்தும் விசாரணை, அவருக்கு முன்னெச்சரிக்கை கொடுப்பதற்குச் சமம். பெண்களிடம் பெண் அலுவலரே பேச வேண்டும். தரம் பிரிப்போரில் பெண்கள் மிகுதி என்பதால் இது விதிவிலக்கான ஏற்பாடு அல்ல, வழக்கமான ஏற்பாடு. “உங்களைக் கொடுமைப்படுத்துகிறார்களா” என்ற கேள்விக்கு “இல்லை” என்ற பதில்தான் வரும். “போன மாதம் கையில் எவ்வளவு வந்தது? ஊருக்கு எவ்வளவு அனுப்பினீர்கள்? தீபாவளிக்குப் போக முடிந்ததா? கடன் இன்னும் எவ்வளவு இருக்கிறது?” என்று கேட்டால் உண்மை தானாக வெளிவரும்.

குறை சொல்லும் வழி மேற்பார்வையாளரைக் கடந்து போக வேண்டும். நிறுவனத்துக்கு வெளியே இருப்பவர் எடுக்கும் ஒரு தொலைபேசி எண், தொழிற்சங்கம், நம்பிக்கைக்குரிய உள்ளூர்த் தொண்டு அமைப்பு ஆகியவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். சங்கம் இருக்கும் இடத்தில் பல சிக்கல்கள் முளையிலேயே வெளிவந்துவிடுகின்றன. சங்கத்தைத் தொல்லையாகப் பார்க்கும் நிர்வாகம் தன் கண்ணைத் தானே கட்டிக்கொள்கிறது.

சரக்கு வரும் வழியும் போகும் வழியும்

சீருடைத் துணியின் பின்னே நூற்பாலை இருக்கிறது. மேற்குத் தமிழ்நாட்டின் பல ஆலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் இளம்பெண்களின் கூலியை ஒப்பந்தக் காலம் முடியும்வரை பிடித்துவைத்த வழக்கம் பரவலாக அறியப்பட்டது. கையுறையின் கதை மேலே சொல்லப்பட்டது. உரமாக்கும் மையத்துக்குக் கட்டிய சுவரின் செங்கல் எந்தச் சூளையிலிருந்து வந்தது என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். முன்பணத்தால் குடும்பங்களைக் கட்டிவைக்கும் முறை அங்கே பழையது. பேட்டரி வண்டியின் மின்கலத்தில் கோபால்ட் இருந்தால் அதைத் தேடி காங்கோ சுரங்கம்வரை ஒரு நடுத்தர நிறுவனத்தால் போக முடியாது. முதலில் அருகிலுள்ளதையும் அதிகம் வாங்குவதையும் பார்ப்பதே முறை.

போகும் வழிதான் கழிவு நிறுவனத்துக்குத் தனித்தன்மையானது. பேல் கட்டிய பிளாஸ்டிக்கும் மின்னணுக் கழிவும் நிறுவனத்தின் வாசலைத் தாண்டிய பிறகு பலருடைய கை மாறுகின்றன. 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே சரக்கு போக வேண்டும் என்கின்றன. பதிவுச் சான்றிதழ் மாசுக் கட்டுப்பாட்டைப் பற்றியது. அங்கே யார், எந்தக் கூலிக்கு, எந்த நிலையில் வேலை செய்கிறார்கள் என்பதைச் சொல்லாது. ஆகவே விற்கும் ஒப்பந்தத்திலும் வாங்கும் ஒப்பந்தத்தில் இருக்கும் அதே நிபந்தனைகள் இருக்க வேண்டும். முன்னறிவிப்பின்றிச் சென்று பார்க்கும் உரிமையும், அனுமதியின்றித் துணை ஒப்பந்தத்துக்கு விடுவதற்குத் தடையும் அவற்றில் முதன்மையானவை. மறுசுழற்சியாளர் வாங்குவதாகச் சொல்லும் டன் அளவையும் அவரது மின் கட்டணத்தையும் அவர் காட்டும் ஆள் கணக்கையும் ஒப்பிட்டால் பொருந்தாதது தெரிந்துவிடும். சரக்கு வேறெங்கோ, வேறு யாரோ கையால் பிரிக்கப்படுகிறது என்பதே அதன் பொருள்.

காயலான் கடைகளிடமிருந்து வாங்கும் நிறுவனம் அவற்றைத் துரத்திவிடக் கூடாது. துரத்தினால் பொறுக்கி வாழ்பவர் இன்னும் இருட்டான கடைக்குத்தான் போவார். நேரடிக் கொள்முதல் மையம், சுவரில் எழுதிய அன்றாட விலை, முத்திரையிட்ட தராசு, அடையாள அட்டை ஆகியவற்றை நிறுவனமே கொடுத்தால் விற்க இன்னொரு இடம் பிறக்கிறது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் குப்பை பொறுக்குவோரை அங்கீகரித்து முறையான அமைப்பில் சேர்க்கச் சொன்னது இதற்கு வலுவான அடிப்படை. பழைய கடனைத் தீர்க்க உதவும் ஏற்பாடும் சேர்ந்தால் நான்காவது உரிமை அவருக்குத் திரும்பக் கிடைக்கும்.

கண்டுபிடித்த பிறகு

சந்தேகம் உறுதியானதும் நிர்வாகத்துக்குத் தோன்றும் முதல் எண்ணம் ஒப்பந்ததாரரை அன்றே நீக்குவதாக இருக்கும். அது பெரும் தவறு. மறுநாள் காலையில் மேஸ்திரி எல்லோரையும் வேறு மாவட்டத்துக்குக் கூட்டிப் போயிருப்பார். சாட்சியும் போகும், தொழிலாளியும் போவார். மேஸ்திரியிடம் எதுவும் பேசாமல், தகவலை மூன்று நான்கு பேருக்குள் வைத்துக்கொண்டு, மாவட்ட ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கொத்தடிமைச் சட்டப்படி மீட்பு அதிகாரம் அவர்களிடம் இருக்கிறது. மாவட்ட, கோட்ட அளவில் கண்காணிப்புக் குழுக்களும் உண்டு. உயிருக்கு ஆபத்து இருந்தால் 112, சிறார் இருந்தால் 1098, இலவசச் சட்ட உதவிக்கு 15100.

மீட்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்றிதழை நிறுவனம் விடாமல் கேட்டுப் பெற்றுத்தர வேண்டும். அது இல்லாமல் கடன் சட்டப்படி ரத்தானதற்கு அவர் கையில் ஆதாரம் இருக்காது. மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரையும், பிறகு ஆண்களுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் சிறாருக்கும் இரண்டு லட்சம், மிகக் கொடிய சுரண்டலுக்கு ஆளானோருக்கு மூன்று லட்சம் ரூபாயும் வழங்க இடமுண்டு. அரசு தருவது ஒருபுறம் இருக்க, பிடித்துவைக்கப்பட்ட கூலியும் கட்டப்படாத வைப்பு நிதியும் நிறுவனத்தின் கடன். ஒப்பந்ததாரரிடம் வசூலிப்பது பிறகு நடக்கட்டும். தொழிலாளிக்கு முதலில் கொடுக்க வேண்டும். அவர் விரும்பினால் நிறுவனத்திலேயே நேரடி வேலை தர வேண்டும். புகார் சொன்னதால் வேலை போனது என்ற செய்தி பரவினால் அடுத்த புகார் ஒருபோதும் வராது.

பதிவும் அறிக்கையும்

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் ஆயிரம் நிறுவனங்கள் செபியின் நிலைத்தன்மை அறிக்கையில், எத்தனை வளாகங்களில் கட்டாய உழைப்பும் சிறார் உழைப்பும் இருக்கின்றனவா என்று ஆய்ந்தோம் எனச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களும் கேட்பார்கள். ஆண்டு விற்றுமுதல் 3.6 கோடி பவுண்டைத் தொடும் நிறுவனங்களுக்கு 2015-ஆம் ஆண்டின் பிரிட்டன் சட்டமும், 10 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தொடுபவற்றுக்கு 2018-ஆம் ஆண்டின் ஆஸ்திரேலியச் சட்டமும் நவீன அடிமைத்தனம் பற்றிய அறிக்கையைக் கட்டாயமாக்குகின்றன. கட்டாய உழைப்பில் உருவான பொருளைத் தன் சந்தையில் விற்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2027 டிசம்பர் முதல் தடை செய்கிறது. மறுசுழற்சி பிளாஸ்டிக் துகளை ஏற்றுமதி செய்பவருக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

அறிக்கையில் “புகார் எதுவும் இல்லை” என்று எழுதுவதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் ஓராண்டில் கூலி பற்றி ஒரு முறையீடுகூட வரவில்லையென்றால் முறையிடும் வழி அடைபட்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். எத்தனை இடங்களுக்கு முன்னறிவிப்பின்றிப் போனோம், எத்தனை பேரிடம் தனியாகப் பேசினோம், எவ்வளவு நிலுவைக் கூலியைத் திருப்பிக் கொடுத்தோம், எந்த விலைக்கு வந்த ஒப்பந்தப்புள்ளிகளை நிராகரித்தோம், எந்தக் கிளையில் இன்னும் பார்க்கவில்லை என்று அறிக்கை சொல்ல வேண்டும். இந்தப் பதிவுகளைக் கொள்முதல் பிரிவின் தலைவரும் நிதிப் பிரிவின் தலைவரும் கையெழுத்திட்டு, ஆண்டுக்கொரு முறை இயக்குநர் குழுவின் முன் வைக்க வேண்டும். மனிதவளப் பிரிவின் கோப்பாக மட்டும் இவை இருந்தால், விலையைத் தீர்மானிப்பவரின் மேசைக்கு இவை ஒருபோதும் போய்ச் சேராது.